காதோடு சொன்ன மந்திரம்

நீர்மாலைக்குப் புறப்பட்ட மகனின் கையிலிருந்த செம்புக்குடத்தை உலகம்மாள் விடாமல் பிடித்துக்கொண்டாள்.

“மார்கழித் தண்ணி, தம்பி. இவனுக்கு இழுப்பு வந்துட்டா நான் என்ன செய்வேன்? வெந்நி வச்சுத் தாரேன்.”

“அப்பன குளிப்பாட்டத் தண்ணி எடுக்கப் போறவன் ஆத்துல முங்காம வெந்நியிலயா குளிப்பான்? குடத்த விடுங்க மதினி,” என்றார் கொழுந்தன் பாபநாசம்.

“ஒண்ணும் செய்யாதும்மா,” என்றான் தாணுமாலையன். பதினைந்து வயசு. சங்குச் சத்தத்துக்குப் பின்னால் தாமிரபரணிக்குப் போய்விட்டான்.

காய்ச்சலில் போன குற்றாலலிங்கம் பிள்ளை கூடத்தில் கிடந்தார். பெண்கள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. இழுப்பு வந்தால் பார்ப்பது அவர்தான். பையனை நிமிர்த்தி உட்காரவைத்து, தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, காதோடு ஏதோ ஓதுவார். அடுத்தவர் காதில் விழுந்தால் மந்திரம் பலிக்காது என்று அவள் நடையோடு நின்றுகொள்வாள். ஓமத்தை வறுத்துக் கிழி கட்டி ஒத்தடம் கொடுக்கத்தான் அவளுக்குத் தெரியும். மந்திரத்தைக் கையோடு கொண்டுபோய்விட்டாரே மனுஷன்!

குடத்தோடு திரும்பியவனுக்குப் பற்கள் கடகடத்தன. அந்த ஈர வேட்டியோடுதான் கொள்ளிச் சட்டியைத் தூக்கினான். புகை அவன் முகத்திலேயே அடித்தது. நடையைத் தாண்டி அவளால் போக முடியாது.

பொழுது சாயுமுன் பாபநாசம் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்.

“கொள்ளி வச்சுட்டான் மதினி. புகை ஏறிட்டு, நெஞ்சு அடைச்சுட்டு. நான் பாவி, ஒங்க பேச்சக் கேக்கல்லயே!”

பையனின் உதடு நீலம் பாரித்திருந்தது. நெஞ்சுக்குள் விசில் சத்தம். ஓமம் வறுக்க அடுப்புக்கூட மூட்டாத வீடு. உலகம்மாள் சுவரோரம் உட்கார்ந்து அவனைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டாள்.

“ஏ ராசா, அப்பா ஒன் காதுல என்ன மந்திரம் சொல்லுவாக? சொல்லுலே!”

அவன் தலையை ஆட்டினான். “மந்திரம்... இல்லம்மா. மூச்சு... விடுவாக. பையப் பைய. நானும்... கூடவே...”

அப்போதுதான் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் விம்மினால் அவனும் விம்முவான். பல்லைக் கடித்து உள்ளே தள்ளினாள். அவன் காதருகே வாயை வைத்து மூச்சை இழுத்தாள். பைய விட்டாள். மறுபடி இழுத்தாள்.

கூடத்தில் ஒப்பாரி நின்றிருந்தது. எதிரே ஈரத் துண்டோடு நின்ற பாபநாசமும், தன்னை அறியாமல், கூடவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.