ராட்கே அண்ட் சன்ஸ், 1934 முதல்

என் பக்கத்து வீட்டுக்காரர் வெர்லின் ராட்கே வேலையில் இருந்தவரை, அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாம் காரியம் ஆக வேண்டியவர்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நஷ்டஈட்டு மனுக்களைப் பரிசீலிக்கும் உத்தியோகம். ஆலங்கட்டி மழையில் கூரை பொத்துப் போனவன் வந்தால், "கூரை முன்னாடியே பழசுதானே?" என்பார். மான் குறுக்கே பாய்ந்து கார் நசுங்கியவன் வந்தால், "மான்தான்னு சாட்சி சொல்ல ஆள் இருக்கா?" என்பார். எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் மானுக்குச் சாட்சி கேட்ட ஒரே மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

ஓய்வு பெற்ற வருடம் அவர் ஒரு லாரி வாங்கினார். 1951ஆம் வருடத்துப் பத்துச் சக்கர லாரி. யாரோ ஒருவரின் சோளக்காட்டு ஓரத்தில் துருப்பிடித்துக் கிடந்தது. அடிச்சட்டத்தின் நடுவே ஒரு மேப்பிள் மரம் முளைத்து வளர்ந்திருந்தது. மரத்தை வெட்டித்தான் லாரியை எடுக்க முடிந்தது. கிரேன் அதை வீட்டு வாசலில் இறக்கியபோது அவர் மனைவி மார்லிஸ் கைகளைக் கட்டிக்கொண்டு சுற்றிவந்து பார்த்தாள்.

"மரம் நல்லா இருந்திருக்கும் போல. அதை வாங்கியிருக்கலாம்," என்றாள்.

வீட்டுக் கார் ஷெட்டில் லாரியின் மூக்குகூட நுழையவில்லை. வெர்லின் கூரையைப் பிரித்து உயர்த்தினார், பின்சுவரை இடித்து நீட்டினார். முடிவில் தெருவிலிருந்து பார்த்தால், ஒரு பெரிய ஷெட்டின் இடுப்பில் சின்ன வீடு ஒன்று தொற்றிக்கொண்டிருப்பது போலத் தெரிந்தது. அதன்பின் ஏழு வருடம் அவர் அதற்குள்தான் குடியிருந்தார். இறுகிப்போன எஞ்சினை ஒரு குளிர்காலம் முழுக்க எண்ணெயில் ஊறவைத்தார். மணல் பீய்ச்சித் துருவை எடுத்தார். துரு போன இடமெல்லாம் ஓட்டையாக இருந்தது. பாதி லாரி துருவால்தான் நின்றுகொண்டிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

மார்லிஸின் அண்ணன் டுவேன் தினமும் வந்துவிடுவார். ஆயுள் முழுக்க லாரி ஓட்டி இடுப்பு போனவர். உதவிக்கு வருவதாகப் பெயர். மடக்கு நாற்காலியில் சாய்ந்து வெர்லினின் பீரைக் குடிப்பார்.

"நான் இதுல இருந்து இறங்குறதுக்கு முப்பது வருஷம் பாடுபட்டேன். நீ ஏறுறதுக்குப் பாடுபடுறே. குடும்பத்துல ஒருத்தனுக்காவது புத்தி இருக்க வேணாமா, மாப்ள?" என்பார்.

இடது பக்கச் சக்கரங்களைக் கழற்ற வெர்லின் நாள்கணக்கில் மல்லுக்கட்டினார். ஸ்பானரில் நீளக் குழாயைச் செருகி, அதில் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கினார். நட்டு அசையவில்லை. நானும் போய்த் தொங்கினேன். கடைசியில் டுவேன் கொட்டாவி விட்டுக்கொண்டே வாயைத் திறந்தார்.

"மாப்ள, இந்த மாதிரி பழைய லாரியில இடது பக்கம் மரை தலைகீழா இருக்கும். நீ இத்தனை நாளா அதை இறுக்கிட்டு இருக்கே."

"யோவ், முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"என் கூரை பொத்துப் போச்சுன்னு உன்கிட்ட வந்தேனே, நீ என்ன சொன்னே? ஞாபகம் இருக்கா?"

வெர்லின் குழாயைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். அன்று மாலை வரை வரவில்லை.

இப்படியாக லாரி ஒருவழியாக எழுந்து நின்றது. கரும்பச்சை நிறம், முகம் பார்க்கலாம் போல. கதவில் பெயர் எழுத ஓர் ஓவியரை வரவழைத்தார். வினை அங்கேதான் வந்தது. பழைய பெயிண்டில் எந்தப் பெயரும் மிஞ்சவில்லை. ஓவியர் தூரிகையை நனைத்துக்கொண்டு, "என்ன பேரு போடணும் சார்?" என்று கேட்டார். வெர்லின் சற்று யோசித்து, "ராட்கே அண்ட் சன்ஸ், சரக்குப் போக்குவரத்து" என்றார். அதன் கீழே கொஞ்சம் இடம் காலியாக இருந்ததால், "1934 முதல்" என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

அப்படி ஒரு கம்பெனி பூமியில் இருந்ததில்லை. வெர்லினின் அப்பா ஹெர்பர்ட் இங்கிருந்து நான்கு மணி நேரத் தூரத்தில் ஒரு சின்ன ஊரில் செருப்புக் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கார்கூட ஓட்டத் தெரியாது. சன்ஸ் என்று பார்த்தாலும், வெர்லின் ஒரே பிள்ளை.

"பேர் அழகா இருக்கு," என்றாள் மார்லிஸ், மஞ்சள் எழுத்துக்களைப் பார்த்து. "அந்த இன்னொரு சன் யாரு? எனக்குத் தெரியாம மாமனாருக்கு வேற குடும்பம் இருந்துச்சா?"

"எல்லா லாரியிலயும் ஒரு பேர் இருக்கும், மார்லிஸ். சும்மா ஒரு அழகுக்கு."

ஜூலையில் எங்கள் மாவட்டத் திடலில் பழைய லாரிகளின் கண்காட்சி நடந்தது. அறிவிப்பாளர் மைக்கை நீட்டி, "இந்த லாரியோட கதையைச் சொல்லுங்க" என்றார். அழகுக்காக எழுதியது என்று வெர்லின் சொல்லியிருக்கலாம். ஆனால் எதிரே முன்னூறு பேர் நின்றார்கள். வேலைக் காலத்தில் அவர் முகத்தைப் பார்த்தாலே திரும்பிக்கொண்டவர்கள் இப்போது அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்கப்பா ஒரே ஒரு லாரியில ஆரம்பிச்சார்," என்றார் வெர்லின். "பனியிலயும் புயல்லயும் இந்த மாவட்டம் பூரா சரக்கு கொண்டுவந்து போட்டார். பசியோட யாரையும் விட்டதில்லை."

டுவேனுக்குப் பீர் மூக்கில் ஏறிவிட்டது.

கைதட்டல் அடங்குவதற்குள் ஒரு கிழவி வந்து வெர்லினின் கையைப் பிடித்துக்கொண்டாள். ராட்கே லாரி வந்தால் தெருப்பிள்ளைகள் எல்லாம் பின்னாலேயே ஓடுவோம், உங்கள் அப்பா மிட்டாய் எறிவார் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்னொருவர் அந்த ஹாரன் சத்தம் இன்னும் காதில் கேட்கிறது என்றார். வெர்லின் மறுக்கவில்லை. "ஆமா, மிட்டாய்னா அப்பாவுக்கு உயிர்" என்றார்.

பிறகு எல்ராய் டெஷ் வந்தார். ஊருக்கு வடக்கே மாட்டுப் பண்ணை வைத்திருப்பவர். அதிகம் பேசாத ஆள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு லாரியின் கதவையே வெகுநேரம் பார்த்தார். அறிவிப்பாளர், இவரும் ஏதோ மிட்டாய்க் கதை சொல்லப்போகிறார் என்று நினைத்து மைக்கை அவரிடம் கொடுத்தார்.

"அப்போ எனக்கு ஆறு வயசு," என்றார் எல்ராய். "வைக்கோல் வண்டிக்கு மேல உக்காந்திருந்தேன். அப்பா டிராக்டர் ஓட்டிட்டு வந்தார். வளைவுல ஒரு லாரி வந்து இடிச்சு அவரைப் பள்ளத்துல தள்ளிட்டுப் போயிடுச்சு. நிக்கலை. பச்சை லாரி. மஞ்சள் எழுத்து. எனக்கு முதல் எழுத்துதான் தெரியும், ஆர். எங்கப்பா சாகுற வரைக்கும் காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார். எனக்குக் காசு பணம் எதுவும் வேணாம். யாராவது ஒருத்தர் மன்னிப்பு கேக்கணும்."

நான் வெர்லினையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயிரம் மனுக்களைத் தள்ளுபடி செய்த மனிதர். இதைத் தள்ளுபடி செய்ய ஒரே வாக்கியம் போதும்: அப்படி ஒரு கம்பெனியே கிடையாது. ஆனால் அதைச் சொன்னால் பனி, புயல், மிட்டாய் எல்லாம் அதோடு போய்விடும்.

"என் குடும்பத்தின் சார்பா மன்னிச்சிடுங்க," என்றார் வெர்லின்.

எல்ராய் அவரைக் கட்டிக்கொண்டார். இரண்டு கிழவர்களும் அழுதார்கள். ஊரே அழுதது. நடுவர்கள் வெர்லினுக்கு முதல் பரிசு கொடுத்தார்கள்.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து ஷெட் வாசலில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒருத்தியின் பாட்டிக்கு வந்த பியானோவை ராட்கே ஆட்கள் படிக்கட்டில் உருட்டிவிட்டார்களாம். ஒருவரின் பெரியப்பாவை ராட்கே முதலாளி கிறிஸ்துமஸுக்கு முன்தினம் வேலையை விட்டுத் தூக்கினாராம். வெர்லின் எல்லோரையும் உட்காரவைத்து, காபி கொடுத்து, தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். நிஜமான மானுக்கும் நிஜமான கூரைக்கும் இரங்காத மனிதர், நடக்காத குற்றத்துக்கெல்லாம் உருகினார். சொன்னால் நம்பமாட்டீர்கள், அவர் முகத்தில் அப்படி ஒரு களை. வட்டாரப் பத்திரிகை அவர் படத்தைப் போட்டது. பாதிரியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் அவரை உதாரணம் காட்டினார்.

மார்லிஸ் பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் மளிகைக் கடையிலிருந்து பைகளோடு நேராக ஷெட்டுக்கு வந்தாள். நானும் டுவேனும் அங்கே இருந்தோம். அவள் எங்களை லட்சியம் செய்யவில்லை.

"வெண்ணெய் எடுத்துக்கிட்டு இருக்கேன். ஒருத்தி வந்து என் தோள்ல கைபோட்டு, 'பாவம்மா நீ, அந்தக் கிராதகனுக்கு மருமகளா இருந்திருக்கியே'ன்னு சொல்றா. யாரைச் சொல்றா தெரியுமா வெர்லின்? உங்கப்பாவை. சின்னப் பசங்க காலைத் தன் மடியில தூக்கி வச்சு ஷூ லேஸ் கட்டிவிடுவாரே, அந்த மனுஷனை. ஒரு எறும்பைக்கூட அதட்டாதவர். அவரை நீ ஆளை இடிச்சுட்டு ஓடுனவனா ஆக்கிட்டே."

வெர்லின் கையிலிருந்த துணியால் மின்னிக்கொண்டிருந்த விளக்கை மேலும் துடைத்தார்.

"ஜனங்களுக்கு ஆறுதலா இருக்கு மார்லிஸ்."

"உனக்குத்தான் ஆறுதலா இருக்கு. வெள்ளிக்கிழமை எல்லாரும் மதுக்கடைக்கு மீன் சாப்பிட வருவாங்கல்ல, அங்க வச்சு உண்மையைச் சொல்லு. இல்லைன்னா நான் சொல்லுவேன். நான் சொன்னா கேக்குறதுக்கு நல்லா இருக்காது."

வெள்ளிக்கிழமை மாலை மதுக்கடையில் பொரித்த மீன் வாசனையில் இடமில்லாமல் கூட்டம். வெர்லின் எழுந்து கிளாஸைத் தட்டினார். ராட்கே அண்ட் சன்ஸ் என்று ஒன்று இருந்ததே இல்லை, அப்பா செருப்பு விற்றவர், எல்லாம் நான் கட்டிவிட்ட கதை என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

பிறகு மூலையிலிருந்து ஒருவர் முள்ளைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"பாத்தியா? கேக்க ஆள் சேரச் சேர, நஷ்டஈடு குடுக்கணுமேன்னு பயம் வந்துடுச்சு. கம்பெனியே இல்லைங்கிறான்."

"இன்ஷூரன்ஸ்காரன் புத்தி எங்க போகும்?" என்றார் இன்னொருவர். "என் மானையும் இல்லைன்னுதானே சொன்னான்!"

"எங்க பாட்டி பியானோவும் பொய்யா அப்போ?" என்று பெண் குரல் ஒன்று எழுந்தது. மிட்டாய்க் கிழவி நெஞ்சில் கைவைத்து, "அந்த மிட்டாய் ஆரஞ்சு கலர். நான் தின்னிருக்கேன்" என்றாள்.

வெர்லின் தவித்துப்போய் மச்சான் பக்கம் திரும்பினார். "டுவேன், நீ இந்த ரோடு பூரா ஓட்டினவன். நீயாவது சொல்லு. அப்படி ஒரு கம்பெனி இருந்துச்சா?"

டுவேன் மீனை நிதானமாக மென்று விழுங்கினார். "எனக்கு எப்படித் தெரியும் மாப்ள? நான் பக்கத்து மாநிலம் மினசோட்டாவுல ஓட்டினவன்," என்றார். மார்லிஸ் அவர் தட்டை எடுத்துக் குப்பைத் தொட்டியில் கொட்டினாள். ஆனால் காரியம் கெட்டது கெட்டதுதான்.

மறுநாள் காலை வெர்லின் என் கதவைத் தட்டினார். எல்ராய் பண்ணைக்குப் போக வேண்டும், துணைக்கு வா என்றார். லாரியிலேயே போனோம்.

எல்ராய் முதல்நாள் மதுக்கடைக்கு வந்திருக்கவில்லை. தொழுவ வாசலில் நின்றுகொண்டு வெர்லின் சொன்னதை முழுக்கக் கேட்டார். அவர் நம்பினார். நம்பியது முகத்தில் தெரிந்தது. அதைப் பார்க்க என்னால்தான் முடியவில்லை.

"அப்போ நான் யாரை மன்னிச்சேன்?" என்று கேட்டார் எல்ராய்.

வெர்லின் திரும்பி லாரியின் கதவைப் பார்த்தார்.

"கண்காட்சி முடிஞ்சு வந்ததும் நேரா அப்பா கல்லறைக்குப் போனேன். ஆள் கிடைச்சுட்டான், மன்னிப்பு கேட்டான்னு சொல்லிட்டு வந்தேன். இப்போ திரும்பப் போய் என்ன சொல்லணும்? நீயே சொல்லிக் குடு. படிச்சவன்தானே நீ."

"தெரியலை எல்ராய்."

எல்ராய் உள்ளே போய் ஒரு சுரண்டும் தகடோடு வந்தார். மாட்டுத் தொழுவத்தில் காய்ந்த சாணத்தைச் சுரண்டுகிற தகடு. அதை வெர்லினின் கையில் கொடுத்து லாரிக் கதவைக் காட்டினார். பிறகு கவிழ்த்துப்போட்ட வாளியில் உட்கார்ந்துகொண்டார்.

ஏழு வருட உழைப்பின் மேல் வெர்லின் அந்தத் தகட்டை வைத்து அழுத்தினார். நல்ல பெயிண்ட், சீக்கிரம் போகவில்லை. பச்சையும் சேர்ந்து உரிந்து, கீழே சாம்பல் பூச்சு தெரிந்தது. ஒரு கதவு முடிந்ததும் மறுபக்கத்துக்குப் போனார். நான் கைகொடுக்கப் போனேன். "அவன் செய்யட்டும்" என்றார் எல்ராய். வெயில் ஏறியது. எல்ராயின் மருமகள் சாண்ட்விச் கொண்டுவந்து எனக்கும் மாமனாருக்கும் மட்டும் கொடுத்தாள். கடைசி எழுத்து போனதும் வெர்லின் லாரியில் ஏறும் படிப் பலகையில் உட்கார்ந்து அழுதார். திடலில் அழுதது போல இல்லை, மூக்கு ஒழுக, பார்க்கச் சகிக்காத அழுகை.

எல்ராய் தன் சாண்ட்விச்சில் மிச்சமிருந்த பாதியை அவரிடம் நீட்டினார்.

ஊர் விடவில்லை. பெயரை அழித்துத் தடயத்தை மறைக்கிறார் வெர்லின் என்று பேச்சு. எல்ராயே நாலு இடத்தில் போய், "இடிச்சது அவங்க இல்லை, அவன் சொல்றது நிஜம்" என்று சொல்லிப் பார்த்தார். "உன்னைச் சரிக்கட்டிட்டானா?" என்று அவரையே கேட்டார்கள். மிட்டாய்க் கிழவி அவரோடு பேச்சையே நிறுத்திவிட்டாள்.

அடுத்த ஜூலையில் வெர்லின் சுரண்டிய கதவுகளோடு அப்படியே கண்காட்சிக்குப் போனார். பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. நடுவர்கள் கதவைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு அடுத்த லாரிக்குப் போனார்கள். மதியம் எல்ராய் வந்து லாரி நிழலில் உட்கார்ந்தார். வெர்லின் கேட்கக் கூடாததைக் கேட்டார்.

"என்னை மன்னிச்சுட்டியா எல்ராய்?"

எல்ராய் பொரித்த சீஸ் துண்டு ஒன்றை வாயில் போட்டு மென்றார்.

"இன்னும் பரிசீலனையில இருக்கு," என்றார்.