நஹ்லாவின் வயது

கோழிக்கோட்டில் பத்திரம் எழுதித் தரும் அலுவலகம் ஒன்றில் ரம்லத்துக்கு வேலை. எழுதி முடித்த பத்திரத்தை, கையெழுத்துக்கு முன்னால் முழுக்க வாசித்துக் காட்டுவது அவள் பொறுப்பு. அவசரப்படுகிறவர்களிடம், "நிலம் எங்கேயும் ஓடிப் போயிடாது, உட்காருங்க" என்பாள்.

அன்று மாலை அவள் வீடு திரும்பியபோது மகள் நஹ்லா பள்ளிப் பையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கதவின் விரல்ரேகைப் பூட்டு திறக்கவில்லை. சாவியோ உள்ளே அலமாரியில்.

"என்னடீ பண்ணித் தொலைச்ச?"

"உண்மையைச் சொன்னேன் உம்மா. பூட்டிக்கிச்சு."

பூட்டு, விளக்கு, கூடத்துக் கேமரா, பேசும் ஸ்பீக்கர் எல்லாம் போன பெருநாளுக்கு தோஹாவிலிருந்து கணவன் அஷ்ரஃப் அனுப்பியவை. எல்லாவற்றையும் தன் போனில் ஆப் வழியாக இணைத்தவள் நஹ்லா. பிறந்த வருஷம் கேட்ட இடத்தில் தொண்ணூறு என்று போட்டிருந்தாள். இன்று அந்த ஆப் மறுபடி வயது கேட்டு, அடையாள அட்டையும் வேண்டும் என்றதும் பயந்துபோய் உள்ளதைப் போட்டுவிட்டாள். பதினெட்டு ஆகவில்லை, பெற்றோர் சம்மதம் தரும்வரை எதுவும் இயங்காது என்று வந்துவிட்டது. சம்மதப் படிவம் ரம்லத்தின் போனுக்கு வந்திருந்தது.

"அப்போ இத்தனை நாளா இந்த வீட்டு எஜமானி நீதானா?"

"உங்களைவிட ஒரு வயசு சின்னவ," என்றாள் நஹ்லா. ரம்லத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அஷ்ரஃபுக்கு போன் போட்டாள்.

"அது ஒண்ணுமில்ல ரம்லா. படிவத்தோட கடைசிக்குப் போய் சம்மதம்னு அமுக்கிடு."

"வாசிச்சிட்டு அமுக்கறேன்."

"அதையெல்லாம் எவன் வாசிக்கிறான்? பிள்ளை வெளியில உட்கார்ந்திருக்கா, சட்டுனு அமுக்கு."

"வாசிக்கத்தானே எனக்குச் சம்பளம் தர்றாங்க?" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

படியிலேயே உட்கார்ந்து, அலுவலகப் பழக்கத்தில் படிவத்தைச் சத்தமாக வாசித்தாள். பூட்டு, விளக்கு, ஸ்பீக்கர் பதிந்துவைக்கும் குரல்கள். நஹ்லா நகத்தைக் கடிக்க ஆரம்பித்திருந்தாள்.

"கூடத்துக் கேமரா. நேரலையில் பார்ப்பவர், அஷ்ரஃப். கடைசியாகப் பார்த்தது, இன்று காலை எட்டு பத்து."

ரம்லத் நிறுத்தினாள். வீடு பூட்டிக் கிடக்கும்போது மட்டும்தான் அந்தக் கேமரா விழிக்கும் என்று அஷ்ரஃப் சொல்லியிருந்தான். காலை எட்டு பத்துக்கு அவள் கூடத்தில் நைட்டியை ஏற்றிவிட்டு முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கால் வலியை அவள் யாரிடமும் சொன்னதில்லை. போன மாதம் அவனே போனில், "முட்டி வலிக்குதா ரம்லா?" என்று கேட்டான். அத்தனை தூரத்திலிருந்தும் தன் மனசை அறிகிறானே என்று இரண்டு நாள் பூரித்துக் கிடந்தாள். அந்தப் பூரிப்பை நினைக்கத்தான் இப்போது கூசியது.

"உனக்குத் தெரியுமா?"

நஹ்லாவின் கண் நிறைந்துவிட்டது. "உப்பாதான் சொல்ல வேணாம்னாரு."

மறுபடி போன் போட்டாள். கேமராவைப் பற்றிக் கேட்டாள்.

"ரூம்ல ஆறு பேரு ரம்லா," என்றான். "காலையில ஒரு நிமிஷம் வீட்டைப் பார்த்தா அன்னிக்குப் பொழுது ஓடிடும்."

"கேட்டிருந்தா தந்திருப்பேனே, இக்கா."

"புருஷன் பொண்டாட்டியைப் பார்க்கறதுக்குச் சம்மதமா?"

"இவ ஒரு விளக்கைப் போடறதுக்கே பெத்தவங்க சம்மதம் கேக்குறான் ஆப்காரன். எனக்கு மட்டும் வேணாமா?" அவள் குரல் உயரவில்லை. "என் கதை கிடக்கட்டும். பதிமூணு வயசுப் பிள்ளை எட்டு மாசமா என் முகத்தைப் பார்த்துப் பார்த்து இதை மறைச்சிருக்கா. அவகிட்ட ஏன் கொடுத்தீங்க இந்த ரகசியத்தை?"

அவன் போனை வைத்துவிட்டான்.

பூட்டுக்குச் சம்மதம் கொடுத்தாள். விளக்குக்கும் ஸ்பீக்கருக்கும் கொடுத்தாள். கேமராவுக்குக் கொடுக்கவில்லை. கதவு திறந்தது. நஹ்லா உள்ளே வராமல் படியிலேயே நின்றாள்.

"உள்ள வா. உன்மேல எனக்குக் கோபமில்ல."

"உப்பா மேல?"

"இருக்கு. அது நானும் அவரும் பேசித் தீர்க்க வேண்டியது. உனக்கு அதுல வேலை இல்ல."

நான்கு நாள் அஷ்ரஃப் கூப்பிடவில்லை. ரம்லத்தும் கூப்பிடவில்லை. கூடத்தைக் கடக்கும்போதெல்லாம், அணைந்து கிடக்கும் கேமராவைப் பார்த்துத் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவன் அந்த அறையில் எதைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவான் என்றும் நினைத்தாள். இரண்டும் ஒரே மனசில்தான் இருந்தன.

ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை மதியம், நஹ்லாவின் போன் அடித்தது. ரம்லத் எதிரே அரிசிப் பத்திரி பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"மோளே, உம்மா பக்கத்துல இருக்காளா? கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசு. அவ எப்படி இருக்கா, கோபம் தணிஞ்சுதா?"

நஹ்லா அம்மாவைப் பார்த்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"நான் தள்ளிப் போகமாட்டேன் உப்பா. உம்மாவும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. அவங்ககிட்டயே கேளுங்க."

 அந்தப் பக்கம் அஷ்ரஃப், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ரம்லா, தப்பு என்மேலதான்," என்று பேசத் தொடங்கினான்.