ஒன்பதாவது கட்டம்

பதிவு அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னலுக்கு முன்னால் அந்தப் பெண் வந்து நிற்பது இது நான்காவது முறை. அக்கரையில் சண்டை மூண்டதிலிருந்து இந்த ஆற்றங்கரை நகரத்தில் ஆட்கள் படகு படகாக வந்து இறங்குகிறார்கள். தையல் வேலை செய்து பிழைத்த இவளும் சர்க்கரை நோயாளியான கணவனோடு அப்படி வந்தவள்தான். முகாம் அட்டை இருந்தால்தான் அவனுக்கு இன்சுலின் கிடைக்கும். அட்டை வேண்டுமென்றால் விண்ணப்பத்தில் ஒன்பதாவது கட்டம் நிரம்ப வேண்டும்: சொந்த ஊர் அதிகாரியின் முத்திரை.

வீடு மாறுகிறவர்களுக்காக என்றைக்கோ அச்சடித்த படிவம் அது. அதை மாற்ற வேண்டும் என்று ஒரு புண்ணியவானுக்கும் தோன்றவில்லை.

“அந்த ஆபீஸே இல்லைங்க சார். குண்டு விழுந்து தரைமட்டமாயிடுச்சு.”

குமாஸ்தா தலை நிமிரவில்லை. “அப்ப ஆபீஸ் இல்லைன்னு அந்த ஆபீஸ்லேர்ந்து ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்கம்மா.”

இதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்புகூட வரவில்லை. கெட்ட மனிதர் இல்லை, லஞ்சம் தொடாதவர். ஆனால் மேலிடத்து உத்தரவு இல்லாமல் ஒரு புள்ளிகூட வைக்க மாட்டார். இப்படிப்பட்ட நல்லவர்களை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

மறுநாள் மதியம் குமாஸ்தா சாப்பிட்டுவிட்டுப் படகுத்துறைப் பக்கம் நடந்தார். ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பவிருந்த படகில் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள். தையல்காரிதான்.

“எங்கம்மா கிளம்பிட்டீங்க?”

“நீங்க கேட்ட முத்திரைக்குத்தான் சார். எங்க அதிகாரி உயிரோட இருந்தா அவர் வீட்ல ஒண்ணு இருக்கும்னு சொல்றாங்க.”

“அங்க சண்டை நடக்குதும்மா.”

“தெரியும் சார். எங்க வீட்டுக்காரருக்கு மருந்து இன்னும் நாலு நாளைக்குத்தான் வரும்.”

“நானும் தலையில அடிச்சுக்கிட்டேன்,” என்றார் படகோட்டி. “சாகப் போறியாம்மான்னு கேட்டா, ஆபீஸ்ல கேக்குறாங்கன்னு சொல்லுது.”

குமாஸ்தா அவளை இறங்கச் சொல்லி, அவள் கையிலிருந்த விண்ணப்பத்தை வாங்கி, படித்துறையிலேயே உட்கார்ந்து, ஒன்பதாவது கட்டத்தில் ‘பொருந்தாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அவள் நன்றி சொல்லவில்லை. “இதை முதல் நாளே எழுதியிருக்கலாமே சார்?”

குமாஸ்தா அலுவலகம் திரும்பியதும் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அதையே எழுத ஆரம்பித்தார். பக்கத்து ஜன்னல்காரர் பதறிப்போனார்.

“உத்தரவு வந்துடுச்சா சார்?”

“வரல. குண்டுக்குத் தப்பிச்சு வந்தவங்களை நாம ஒரு கட்டத்தைக் காட்டியே கொன்னுடுவோம் போலிருக்கு. தஞ்சம்னு வந்தவங்களுக்கு வழி தேடுறது நம்ம வேலைய்யா. அதுக்கு அவங்களையே அலைய விட்டா, நாம இங்க எதுக்கு உக்காந்திருக்கோம்?”