படத்தில் இல்லாத குன்று

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் என் கடையின் பெயரைப் பார்த்ததும் எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. 'பழைய வரைபடங்களையும் அச்சுப் படங்களையும் தந்து உதவிய கடைக்கு நன்றி' என்று போட்டிருந்தார் அந்த வரலாற்று நிபுணர். உதவினேனாம்! பழைய படங்கள் விற்பது என் தொழில். வாடிக்கையாளர் என்று உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, கண்ணாடிப் பெட்டிகளையெல்லாம் திறந்து காட்டினேன். தேநீரைக் குடித்துவிட்டு மனிதர் நேராகப் போய் என் அக்கா வீட்டுக்கு உலை வைத்திருக்கிறார்.

அக்காவின் வீடு ஊருக்கு நடுவிலுள்ள குன்றின் உச்சியில் இருக்கிறது. அந்தக் குன்றை வெட்டிச் சமமாக்கி வாகன நிறுத்துமிடம் கட்ட வேண்டும் என்று நகரசபைக்கு நெடுநாள் ஆசை. இயற்கையான குன்றைத் தொடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. மண் கொட்டி உண்டான மேடு என்றால் தாராளமாகத் தொடலாம், மேலே இருக்கும் வீடுகளையும் காலி செய்யச் சொல்லலாம். அதற்காகத்தான் இந்த மேதாவியைப் பிடித்து அறிக்கை எழுத வைத்தார்கள். அவர் கண்டுபிடித்தது இதுதான்: பழைய வரைபடம், அச்சுப் படம், வழிகாட்டிப் புத்தகம் எதிலுமே குன்று இல்லை. ஆகவே அது பிற்காலத்தில் இடிபாடுகளைக் கொட்டி உண்டான மேடு.

அக்கா மருத்துவமனையில் தாதி. வேலை முடிந்து சீருடையோடு நேராகக் கடைக்கு வந்துவிட்டாள்.

"அப்போ நான் குப்பை மேட்டுலதான் பிள்ளைங்கள வளர்த்தேனா? சமையல்கட்டுக்குப் பின்னாடி வீட்டு உயரத்துக்குப் பாறை நிக்குதே, அத எவன் தூக்கிட்டு வந்து போட்டானாம்?"

"கட்டட வேலைக்குக் கொண்டுவந்து மிஞ்சின கல்லுன்னு எழுதியிருக்காரு."

"மிஞ்சின கல்லா? அவரு வீட்டுல அவ்வளவு பெருசா மிஞ்சுமோ?"

அவளை உட்காரவைத்துவிட்டு, அவர் பார்த்த படங்களின் பிரதிகளை ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினேன். மனிதர் பொய் சொல்லவில்லை. குன்று எதிலும் இல்லை.

முதல் வரைபடத்தில் குன்று இருக்க வேண்டிய இடத்தில் தலைப்புப் பெட்டி இருந்தது. பெட்டியைச் சுற்றிப் பூவேலை. இரண்டு பக்கமும் கன்னம் உப்ப ஊதுகுழல் ஊதும் கொழுகொழு குழந்தைகள். ஊரின் பெயரை எழுத இடம் தேடிய புண்ணியவான், வீடு இல்லாத இடமாகப் பார்த்து எழுதியிருக்கிறான். அந்தக் காலத்தில் வீடே இல்லாத இடம் குன்றுதான். அடுத்து வந்தவர்கள் அதை அப்படியே நகலெடுத்தார்கள். குழந்தைகளைப் பிடிக்காதவர்கள் பெட்டியை நீக்கிவிட்டு அந்த இடத்தை வெறுமையாக விட்டார்கள். ஒருவனாவது எழுந்து போய் நேரில் பார்த்திருக்கக் கூடாதா?

வழிகாட்டிப் புத்தகத்தை எடுத்தேன். 'நகரை முழுதும் காண விரும்புவோர் காட்சியிடத்துக்கு ஏறிச் செல்க. முடியாதவர்களுக்குக் கழுதை வாடகைக்குக் கிடைக்கும்.' காட்சியிடம் என்றால் மணிக்கூண்டு என்று நிபுணர் அடிக்குறிப்புப் போட்டிருந்தார். மணிக்கூண்டின் படிக்கட்டு எனக்குத் தெரியும். அதில் நானே பக்கவாட்டாகத் திரும்பித்தான் ஏற வேண்டும். கழுதை ஏறுமாம்!

அச்சுப் படங்கள்தான் பாக்கி. எல்லாவற்றிலும் ஊர் இருந்தது, ஆறு இருந்தது, மணிக்கூண்டு இருந்தது. எதைப் பார்த்தாலும் கூரைகள். ஓட்டுக் கூரைகளின் மேல்பக்கம், வரிசை வரிசையாக. அப்போதுதான் உறைத்தது. கூரையின் மேல்பக்கத்தை வரைந்தவன் கூரைக்கும் மேலே எங்கேயோ உட்கார்ந்திருக்க வேண்டும். மணிக்கூண்டில் உட்கார்ந்திருக்க முடியாது, அதுதான் படத்திலேயே இருக்கிறதே.

"அக்கா, அத்தனை பேரும் குன்று மேல உட்கார்ந்துதான் வரைஞ்சிருக்காங்க. அதனாலதான் படத்துல குன்று இல்ல."

அக்கா படத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். "இது நான் துணி காயப் போடுற இடத்துல இருந்து தெரியிற மாதிரியே இருக்குடீ."

குன்றை வெட்டலாமா என்று முடிவுசெய்ய நடந்த விசாரணையில் இதைச் சொன்னேன். நிபுணர் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன், அந்தச் சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை.

"ஓவியர்கள் கற்பனையாவும் வரைவாங்கம்மா. நீங்க கடை வச்சிருக்கீங்க, நாங்க ஆராய்ச்சி பண்றோம். ஆவணத்துல இல்லாதது இல்லாததுதான்."

"எத்தன தடவ மேல போய்ப் பார்த்தீங்க சார்?" என்று கேட்டேன்.

"அதுக்கு என்ன அவசியம்?"

விசாரணை அதிகாரி கண்டிப்பான பெண்மணி. தம் முன்னால் இருந்த அறிக்கையை மூடினார். "எனக்கு அவசியம் இருக்கு. வாங்க, எல்லாரும் போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்."

ஏறும்போது நிபுணருக்கு மூச்சு வாங்கியது. எனக்கு மனம் குளிர்ந்தது என்பதை மறைக்க மாட்டேன். அக்கா சமையல்கட்டு வழியாக எங்களைப் பின்பக்கம் கூட்டிப் போய், துணிக்கொடியை ஒதுக்கிவிட்டாள். அதிகாரி பாறையில் ஏறி நின்று அச்சுப் படங்களில் ஒன்றைக் கண்முன்னால் பிடித்தார். படத்தில் மணிக்கூண்டின் முனை, பழைய பாலத்தின் நடு வளைவை மறைத்துக்கொண்டு நிற்கும். அவர் கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தார், வளைவு வெளியே வந்துவிட்டது. திரும்ப வலப்பக்கம் வந்தார். பாறையின் நடுவில், தேய்ந்து பள்ளமான ஓரிடத்தில் நின்றபோது, முனையும் வளைவும் படத்தில் உள்ளபடியே பொருந்தின. அதிகாரி படத்தை இறக்காமல் அங்கேயே நின்றார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு படம் தற்செயலா பொருந்தலாம்," என்றார் நிபுணர். "அப்பவும் படத்துல குன்று இல்லையே. கண்ணால பார்க்கிற ஆதாரம்தான் ஆதாரம்." சொல்லிவிட்டு, தம் பதிவுக்காக என்று கைப்பேசியை எடுத்து, பாறை மேலிருந்து ஊரைப் படம் பிடித்தார்.

"எங்க, காட்டுங்க சார்," என்று அக்கா எட்டிப் பார்த்தாள். கூரைகள், ஆறு, பாலம், மணிக்கூண்டு எல்லாம் தெளிவாக விழுந்திருந்தன. "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல குன்று எங்க சார்?"

அவர் படத்தை விரலால் பெரிதாக்கித் தேடினார்.

"அந்தப் படத்தையும் கோப்புல சேர்த்துடுங்க சார்," என்றார் அதிகாரி, பாறையிலிருந்து இறங்கியபடி. "எங்க நின்னு எடுத்ததுன்னு இப்பவே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. குன்று மேலன்னு எழுதணும், மேடுன்னு இல்ல."

நிபுணர் சட்டைப்பையைத் துழாவினார், பேனா அகப்படவில்லை. என்னுடையதை நீட்டினேன்.

"உதவிய கடைக்கு நன்றின்னு அதுலயும் மறக்காம போட்டுடுங்க," என்றேன்.