தையலுக்கு ஒன்று

தையல்காரி முகக்கவசத் துணியை வெட்டிக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. ஒன்றாம் வகுப்பு டீச்சர். பள்ளிக்கூடம் மூடி ஐந்து மாதம். மகள் சிட்டுவுக்குக் கணக்குச் சொல்லித்தரும் வேலை அவள் தலையில் விழுந்திருந்தது. அவள் படித்ததே கொஞ்சம், அதுவும் மறந்துபோயிற்று. தன் கையில் பிள்ளையின் படிப்பு கெட்டுப்போகிறதோ என்ற பயத்தை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

திட்டு விழும் என்று நினைத்தாள். டீச்சர் குரலிலோ விடுகதை கேட்ட ஆவல். சிட்டு போட்டனுப்பிய இருபது கூட்டல் கணக்கும் தப்பாம். ஆனால் எல்லாவற்றிலும் சரியாக ஒன்றுதான் கூடுதலாம். மூன்றும் நான்கும் எட்டு, இரண்டும் இரண்டும் ஐந்து. தெரியாத பிள்ளை இவ்வளவு ஒழுங்காகத் தப்புப் பண்ணாதே, என்ன விஷயம் என்றாள்.

மெஷினுக்கடியில் நூல் பொறுக்கிக்கொண்டிருந்த சிட்டுவை அம்மா கூப்பிட்டுக் கேட்டாள்.

"நீதானேம்மா சொன்ன? சேர்த்தா தையலுக்கு ஒண்ணு விடணும், இல்லேன்னா சட்டை பத்தாதுன்னு."

துணி வெட்டியபடியே பாடம் சொன்னதும், நடுநடுவே தையல் மடிப்புக்கு விடும் ஓர் அங்குலத்தை வாய்க்குள் முணுமுணுத்ததும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிள்ளை இரண்டையும் ஒன்றாகவே படித்திருந்தது. அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. போனிலோ டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஏளனம் இல்லை. ஐந்து மாதமாக அம்மா விழுங்கிவந்த பயம் அதனால்தான் வெளியே வந்தது.

"எனக்குச் சொல்லிக்குடுக்கத் தெரியல டீச்சர். எப்படின்னு எனக்குச் சொல்லித் தர்றீங்களா?"

டீச்சரின் சிரிப்பு நின்றது.

"நானே கேட்டிருக்கணும்மா. பாடம் அனுப்பினேனே தவிர, உங்களுக்கு என்ன வேணும்னு கேக்கல. எம் பையனே வீட்ல என்னை டீச்சரா மதிக்கறதில்ல, போங்க."

தினமும் நாலு மணிக்குப் பத்து நிமிடம் பேசலாம் என்றாள். பத்தே நிமிடம்தான். களைத்தவர்களுக்குக் கடவுள் அனுப்பும் உதவி பெரும்பாலும் அந்த அளவில்தான் வரும்.

முதல் பாடம் அப்போதே தொடங்கியது. ஐந்து பொத்தான், பக்கத்தில் இரண்டு. அம்மா மட்டும் வாயைத் திறக்கக் கூடாது.

சிட்டு ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். ஏழாவது பொத்தானில் விரல் நின்றது. கண் மட்டும் மெல்ல, மீதிப் பொத்தான்கள் கிடந்த டப்பாவின் பக்கம் போயிற்று. அம்மா இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.