எரியவில்லை என்று எழுது

அந்த வெளிச்சம் அர்ஷியாவுக்கும் தெரிந்தது. தெரியாமல் சொல்லியிருந்தால் வெறும் தவறு என்று போயிருக்கும்.

மதகடிப்பட்டில் செருப்புக்கடை வைத்திருக்கும் உதுமானின் மூத்த மகள் அவள். பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு பி.எட். இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். டீச்சிங் பிராக்டிஸுக்காகக் கல்லூரியில் அவளைப் புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் ஓர் அரசுப் பள்ளிக்குப் போட்டிருந்தார்கள். காலை ஏழு மணிக்குக் கிளம்பி, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். பிள்ளைகள் அவளைச் சயின்ஸ் மிஸ் என்று கூப்பிட ஆரம்பித்த நாளில், பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தும் அவளுக்குக் கால் வலிக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவளுக்கு இறுதித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் எட்டாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் மார்க் ஷீட்டோடு உட்கார்ந்திருந்தார். எந்தெந்தத் திரவம் மின்சாரத்தைக் கடத்தும் என்பது பாடம். மேசைமேல் மூன்று பீக்கர்கள்: உப்புத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், மெக்கானிக் கடையில் வாங்கிய டிஸ்டில்டு வாட்டர். பேட்டரியில் இணைத்த இரண்டு கம்பிகளை உள்ளே விட்டால் சின்ன சிவப்பு விளக்கு எரிய வேண்டும், அல்லது எரியாமல் இருக்க வேண்டும். வீட்டில் பத்து முறையாவது செய்து பார்த்திருந்தாள். ஒரு முறையும் பிசகவில்லை. ஆனால் அன்றைக்கு பஸ் தாமதம். பீக்கரைப் பள்ளிக் குழாயில் அலசிவிட்டு, ஈரத்தோடு அப்படியே டிஸ்டில்டு வாட்டரை ஊற்றிவிட்டாள்.

பார்த்துச் சொல்ல அருள்மொழியை முன்னால் கூப்பிட்டாள். கடலோரப் பனித்திட்டிலிருந்து வரும் பெண். அதிகம் பேசமாட்டாள். எதைக் கொடுத்தாலும் முகத்துக்கு அருகே வைத்து உற்றுப் பார்ப்பாள்.

உப்புத் தண்ணீரில் விளக்கு பளிச்சென்று எரிந்தது. குழாய்த் தண்ணீரில் மங்கலாக எரிந்தது. மூன்றாவது பீக்கருக்கு அருள்மொழி நன்றாகக் குனிந்தாள்.

"எரியுது மிஸ்."

"நல்லா பாரு."

"லேசா எரியுது மிஸ். செவப்பா ஒரு புள்ளி."

கடைசி பெஞ்சில் எழுதிக்கொண்டிருந்த தேர்வாளர் நிமிர்ந்தார். அர்ஷியாவும் குனிந்தாள். புள்ளி இருந்தது. கையால் விளக்கை மறைத்தபடி கம்பியை மெல்லத் தூக்கிவிட்டாள்.

"எங்க எரியுது? எனக்குத் தெரியலையே. கண்ணுல ஏதாவது கோளாறா உனக்கு?" என்றாள் சிரித்துக்கொண்டே. வகுப்பு முழுவதும் சிரித்தது. "எரியலைன்னு போர்டுல எழுது."

அருள்மொழி விளக்கைப் பார்த்தாள். மிஸ்ஸைப் பார்த்தாள். பிறகு சாக்பீஸை எடுத்து எழுதினாள்.

"வகுப்பைக் கையில வச்சிருக்கம்மா" என்று பாராட்டிவிட்டுப் போனார் தேர்வாளர். ஐம்பதுக்கு நாற்பத்தைந்து. அன்று உதுமான் கடையிலிருந்து வரும்போது ஜாங்கிரி வாங்கி வந்தார்.

திங்கட்கிழமை அருள்மொழி வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஸ்டாஃப் ரூம் வாசலில் ஒரு பெண் காலி மீன்கூடையைச் சுவரோரம் வைத்துவிட்டு நின்றிருந்தாள்.

"சயின்ஸ் மிஸ்ஸு நீங்கதானா? நான் அருள்மொழி அம்மா, அம்சவள்ளி."

"சொல்லுங்கக்கா."

"எரியாத லைட்டு எனக்கு மட்டும் எரியற மாரி தெரியுது, என் கண்ணு கெட்டுப்போச்சு, மிஸ்ஸே சொன்னாங்கன்னு வூட்டுக்கு வந்து ஒரே அழுவ. எனக்கு பகீர்னு ஆயிடுச்சு மிஸ். எங்க அண்ணனுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சு ஒரு கண்ணே போச்சு. நேத்து மீன் ஏலத்துக்குக்கூட போவாம பாப்பாவ இட்டுக்கினு பாண்டிக்கு ஓடுனேன், ஆஸ்பத்திரிக்கு."

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

"மருந்து வுட்டு, உள்ள லைட்டு அடிச்சுப் பாத்தாரு. ஒரு கோளாறும் இல்லம்மா, கழுகுக் கண்ணுன்றாரு!" அம்சவள்ளி சிரித்தாள். கண் கலங்கியிருந்தது. "ஒண்ணுமில்லன்னாலும் இன்னா மிஸ், நீங்க பாத்து சொன்னீங்களே. எட்டு வருசமா படிக்குது, ஒரு டீச்சர்கூட புள்ள மூஞ்சிய நிமிர்ந்து பாத்தது இல்ல."

முந்தானைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். நெத்திலிக் கருவாடு.

"வேணாங்கக்கா... அன்னைக்கு இன்னா ஆச்சுன்னா..."

அதற்குள், அர்ஷியாவுக்கு வழிகாட்டியாகப் போட்டிருந்த சிவப்பிரகாசம் சார் வந்துவிட்டார். "இன்னாம்மா, கம்ப்ளெய்ண்ட்டா?"

"இல்ல சார். தங்கமான டீச்சரு" என்றாள் அம்சவள்ளி, பொட்டலத்தை அர்ஷியாவின் கையில் திணித்தபடி. கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் கேட்டைத் தாண்டும்வரை அர்ஷியா பார்த்துக்கொண்டே நின்றாள்.

அன்று பிற்பகல் வகுப்பில் லிட்மஸ் தாள் கொடுத்தாள். எலுமிச்சைச் சாற்றில் நனைத்து, என்ன நிறம் மாறுகிறது என்று எழுதச் சொன்னாள். அருள்மொழி தன் தாளைப் பார்க்கவே இல்லை. பக்கத்துப் பெண்ணின் நோட்டை எட்டிப் பார்த்து, அதில் இருந்ததை அப்படியே எழுதினாள்.

அன்றிரவு அம்மா பரிதா கருவாட்டை வறுத்து வைத்தாள். அர்ஷியா தலைவலி என்று எழுந்துகொண்டாள்.

மறுநாள் காலை சிவப்பிரகாசம் சாரிடம் நடந்ததை எல்லாம் சொன்னாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மார்க்கு காலேஜுக்குப் போயிடுச்சும்மா. இப்ப கிளறுனா உனக்குத்தான் நஷ்டம். பசங்ககிட்ட போயி தப்புன்னு ஒத்துக்கிட்டன்னு வை, நாளைக்கு ஒருத்தனும் மதிக்கமாட்டான். நாலு நாள்ல அதுங்களே மறந்துடும், வுடு."

அவர் கெட்டவர் இல்லை. அவள் நன்றாக வர வேண்டும் என்றுதான் சொன்னார். சொன்னபடி விட்டுவிடலாம் என்று அவளுக்கும் ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது.

மூன்றாவது பீரியடில் அதே பீக்கரைக் குழாயில் அலசி, டிஸ்டில்டு வாட்டரை ஊற்றிக் கம்பிகளை விட்டாள். ஒவ்வொரு பெஞ்சாக எழுந்து வந்து பார்க்கச் சொன்னாள். சிவப்புப் புள்ளி எல்லோருக்கும் தெரிந்தது. பிறகு டிஸ்டில்டு வாட்டராலேயே பீக்கரையும் கம்பிகளையும் மூன்று முறை அலசி, புதிதாக ஊற்றினாள். எரியவில்லை.

"குழாய்த் தண்ணி கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருந்தாலும் எரியும். வெள்ளிக்கிழமை நான் சரியா கழுவல. அருள்மொழி பாத்தது சரி. எனக்கும் எரிஞ்சது தெரிஞ்சுது. தெரிஞ்சுக்கிட்டேதான் எரியலைன்னு சொன்னேன்."

பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்: "அப்ப பொய் சொன்னீங்களா மிஸ்?"

"ஆமா. மார்க் போயிடும்னு பயந்துட்டேன். அருள்மொழி, என்ன மன்னிச்சுடு."

அருள்மொழி சந்தோஷப்படவில்லை. பெஞ்சைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். மணி அடித்த பிறகு மேசைக்கு வந்தாள்.

"எங்கம்மாகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க மிஸ். நான் சொன்னா நம்பாது. டீச்சரப்போயி இப்படிப் பேசறியான்னு என்னத்தான் அடிக்கும்."

பள்ளி விட்டதும் இருவரும் பனித்திட்டுக்குப் போனார்கள். தெருக்குழாயில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்த அம்சவள்ளி, மிஸ்ஸைக் கண்டதும் பதறி எழுந்து ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். அர்ஷியா தெருவிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள்.

"வேணும்னேவா சொன்னீங்க?"

"ஆமாங்கக்கா."

அம்சவள்ளியின் முகம் மெல்ல இறுகியது. "மூணு நாளு மிஸ். ஒரு கண்ண மூடிக்கினு ஒரு கண்ணால காலண்டர படிச்சுக்கினே இருந்துச்சு என் புள்ள. சோறு எறங்கல அதுக்கு. குருடாயிட்டா என்ன யாரும்மா பாத்துப்பாங்கன்னு கேட்டுச்சு." ஓடிக்கொண்டிருந்த குழாயை மூடினாள். "நான் உங்க கையில கருவாட்ட குடுத்து கும்புட்டுட்டு வந்தேன்."

அர்ஷியா தலை குனிந்து நின்றாள்.

"போங்க மிஸ். பஸ்ஸு போயிடும்."

அந்தச் சனிக்கிழமை கல்லூரியில் பேராசிரியரிடம் சொல்லி, எழுதியும் கொடுத்தாள். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, வேறு பாடத்தில் மறுபடி தேர்வு வைக்க ஏற்பாடு செய்தார். இந்த முறை முப்பத்தெட்டுதான் வந்தது. உதுமானுக்கு ஏன் என்று புரியவில்லை. அவள் நடந்ததைச் சொன்னதும், "அந்தப் பொண்ணு இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

அருள்மொழி முன்போல முன்னால் வருவதில்லை. கேட்டால் பதில் சொல்வாள், அவ்வளவுதான். அர்ஷியாவும் வற்புறுத்தவில்லை. பள்ளியில் அர்ஷியாவுக்குக் கடைசிக்கு முந்தின நாள், வெந்நீரில் வைத்த தெர்மாமீட்டரைப் படித்து, அறுபத்திரண்டு என்று போர்டில் எழுதினாள்.

"இல்ல மிஸ், அறுபத்தொண்ணு" என்றது ஒரு குரல். அருள்மொழி கையைத் தூக்காமல், நோட்டைவிட்டு நிமிராமல் சொன்னாள்.

அர்ஷியா கண்ணுக்கு நேராக வைத்து மறுபடி பார்த்தாள். அறுபத்தொன்றுதான். அழித்துவிட்டுத் திருத்தி எழுதினாள்.

மறுநாள் பிள்ளைகளிடம் விடைபெற்றுக்கொண்டு பஸ் ஏறியபோது, இரண்டு சீட் முன்னால் அம்சவள்ளி கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவளைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அர்ஷியா கம்பியைப் பிடித்தபடி நின்றாள். பக்கத்தில் ஒரு சீட் காலியானபோதும் உட்காரத் தோன்றவில்லை.