மேலாளர் கொண்டுவந்த டீ

அந்தத் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷமாக டைப் அடித்துக்கொண்டிருந்த டைப்பிஸ்ட் அக்காவைத் திடீரென்று பாதுகாப்பு அதிகாரியாக்கிவிட்டார்கள். முதல் பெண் அதிகாரி என்று சொல்லி, கைதட்டிப் போட்டோ வேறு எடுத்தார்கள். மீட்டிங் என்றால் இத்தனை நாளும் அவள்தான் டீ போட்டுக் கொடுக்க வேண்டும். இன்றைக்கு மேலாளரே டீயும் கையுமாக வந்து நின்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

"குடிங்க மேடம். சும்மா ஒரு கையெழுத்துதான்," என்று பல்லை இளித்தபடி ஒரு ஃபைலை நீட்டினார்.

நேற்றுவரை "ஏம்மா, இங்க வா" என்று கூப்பிட்ட அதே வாய்.

அவள் ஃபைலைத் திறந்தாள். எல்லா மெஷினும் நல்ல நிலையில் இருப்பதாக எழுதியிருந்தது. மூன்றாம் நம்பர் மெஷினில் தொழிலாளியின் கையைக் காக்கும் தடுப்பு உடைந்திருக்கிறது, அதை ஓட்டக் கூடாது என்று பழைய அதிகாரி போன மாதம் அறிக்கை கொடுத்திருந்தார். மறுவாரமே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த அறிக்கையை டைப் அடித்ததே அவள்தான். டைப் அடிக்கிறவள் அதைப் படிக்கவும் செய்வாள் என்று இந்தப் புத்திசாலிகளில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

பேனாவை மூடி வைத்துவிட்டு டீயை நிதானமாகக் குடித்து முடித்தாள்.

"முதல்ல மூணாம் நம்பர் மெஷினை நிறுத்தச் சொல்லுங்க சார். டீயில சர்க்கரை கம்மி. நாளைக்குக் கொஞ்சம் பாத்துப் போடுங்க."